புழுக்கை ஜோசியம்

காலையில் காபி போடுவதற்கு முன்னால் நான் போய்ப் பார்ப்பது முயல் புழுக்கையைத்தான். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். எங்கள் தெருவில் யார் முயல் வாங்கி வந்தாலும், "இதுக்கு என்னக்கா போடுறது, எவ்வளவு போடுறது" என்று என் தையல் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். "உள்ள போறது இருக்கட்டும், வெளிய வர்றது எப்படி இருக்கு?" என்பதுதான் அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி.

நாய்க்கு உடம்பு முடியவில்லை என்றால் நம் காலடியில் வந்து முனகும். முயலிடம் அந்தப் பழக்கம் கிடையாது. நரி, பருந்து, பாம்பு என்று கண்டதற்கெல்லாம் இரையாகிற ஜாதி. சோர்ந்திருப்பது வெளியே தெரிந்தால் முதல் அடி அதற்குத்தான். அதனால் வலியை மறைத்துக்கொண்டு, கடைசி வரைக்கும் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். முயலால் மறைக்க முடியாதது தட்டில் உருண்டு கிடப்பது மட்டும்தான்.

எனக்கு இந்தப் பார்வை பிறந்த வீட்டுச் சீதனம். விராலிமலைப் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. விடிகாலையில் பட்டியைத் திறக்கும்போது அப்பா முதலில் தரையைத்தான் பார்ப்பார். எந்த ஆடு கழிந்திருக்கிறது, எது சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அதிலேயே சொல்லிவிடுவார். கல்யாணமாகித் திருச்சி உறையூருக்கு வந்த பிறகு ஆடும் இல்லை, பட்டியும் இல்லை. பேரன் முயல் வேண்டும் என்று அடம்பிடித்தபோது மகள் "வேண்டாம்மா, நாத்தம்" என்றாள். நான்தான் "வாங்கிக் குடு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

குருவியும் மீனும் விற்கிற கடையில் முயல் குட்டிகளைப் பத்து பன்னிரண்டாக ஒரே கம்பிக் கூண்டில் அடைத்து வைத்திருந்தார்கள். கடைப் பையன் காதைப் பிடித்து ஒன்றை உயரத் தூக்கிக் காட்டினான்.

"தம்பி, கீழ விடு. எத்தன நாள் குட்டி?"

"ரெண்டு மாசம்மா."

உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். ரெண்டு மாதமாவது, ஒன்றாவது!

"என்ன சாப்பிடும்?"

"எல்லாம் திங்கும்மா. காரட் போடுங்க, பிஸ்கட் போடுங்க. சோறு போட்டாக்கூடத் திங்கும்."

அவன் சொன்னது பொய்யில்லை. போட்டால் தின்னத்தான் செய்யும். வாங்கிப் போன வாரத்திலேயே வீட்டுக்கு வீடு குட்டிகள் சாவதும் அதனால்தான். முயல் குட்டி குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் எட்டு வாரம் தாயிடம் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பிரித்தால், தாய்ப்பால் தருகிற பாதுகாப்பும் போய்விடும், புல்லைச் செரிக்கிற வயிறும் இன்னும் தயாராகியிருக்காது. அந்த இடைவெளியில் பிஸ்கட்டும் சோறும் உள்ளே போனால் வயிற்றுப்போக்கு வந்து, இரவோடு இரவாகக் குட்டி போய்விடும்.

நான் கூண்டின் பின்பக்கம் இருந்த கொஞ்சம் பெரிய சாம்பல் நிறக் குட்டியைக் கேட்டேன். வாலைத் தூக்கிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. காதுக்குள் பொருக்கு இல்லை. பொருக்கு இருந்தால் சொறி என்று அர்த்தம், முயலுக்கு மிகச் சாதாரணமாக வருவது. முன்னங்கால்களின் உட்பக்கத்தையும் பார்த்தேன். சளி பிடித்த முயல் மூக்கைத் துடைத்துத் துடைத்து அந்த இடத்து முடி ஈரமாகித் திரிதிரியாக ஒட்டிக் கிடக்கும். மூக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது, கடையில் என்ன தீவனம் போடுகிறார்களோ அதிலேயே ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பொட்டலம்தான் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பேரன் அதற்கு தோனி என்று பெயர் வைத்தான். ஆண் குட்டி என்றுதான் கடையில் சொன்னார்கள்.

ஆட்டுக்கும் முயலுக்கும் தீனி ஒன்றுதான்: புல், தழை. அதைச் செரிக்கிற வழிதான் வேறு. ஆடு மேய்ந்துவிட்டு வந்து நிழலில் படுத்து, விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். முயலுக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது. ஒரு தடவை விழுங்கியதை மேலே கொண்டுவரவே முடியாது, வாந்திகூட எடுக்காது. அதற்குப் பதிலாகப் பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல் உள்ளே போனதும் குடல் அதை இரண்டாகப் பிரிக்கிறது. முரட்டு நார் எல்லாம் வேகமாக வெளியே தள்ளப்பட்டு, நாம் பார்க்கிற உலர்ந்த உருண்டையாக விழுகிறது. பொடியான சத்துள்ள பகுதி பின்னோக்கித் திரும்பி அந்தப் பைக்குள் போய்ப் புளிக்கிறது. புளித்து வந்ததை முயல் மறுபடியும் சாப்பிடுகிறது.

ஆமாம், பின்னால் குனிந்து, வந்ததை வந்த இடத்திலேயே வாங்கிச் சாப்பிடுகிறது. ஒருநாள் விடியற்காலையில் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "ஆயா, தோனி ஆய் திங்குது!" என்று தெருவே கேட்கக் கத்தினான். நான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். தலை இரண்டு கால்களுக்கு நடுவே போனது, நிமிர்ந்தது, மென்றதுகூடத் தெரியவில்லை, முழுசாக விழுங்கிவிட்டது. எப்போதாவது ஒன்று கீழே தவறி விழுந்தால் பார்க்கலாம்: சின்னக் கருந்திராட்சைக் குலை மாதிரி, பளபளவென்று ஒரு சவ்வு மூடி, ஒட்டிக்கொண்டு கிடக்கும். பி வகை விட்டமின்களும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. அதைச் சாப்பிடவிடாமல் தடுத்தால் முயலுக்குச் சத்துக் குறைவு வரும். அதைத் தினமும் கீழே விட்டுவைத்தாலோ, நாம் போடுகிற தீனி கொழுப்பாக இருக்கிறது, இதைச் சாப்பிட அதற்குப் பசி இல்லை என்று அர்த்தம்.

இந்தக் குலைகளைக் கழிச்சல் என்று நினைத்துப் பயந்து, மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய.

ஆகவே முயலுக்குச் சோறு போடுவதாக நாம் நினைத்துக்கொண்டாலும், உண்மையில் தீனி போடுவது அந்தப் பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு. அவற்றுக்கு நார் வேண்டும். சர்க்கரையும் மாவும் அங்கே போனால் வேண்டாத கிருமிகள் பெருகி, காற்று கட்டி, குடல் நின்றுவிடும். தீனியைத் திடீரென்று மாற்றினாலும் இதுதான் கதி. கடைத் தீவனப் பொட்டலம் அதற்காகத்தான். முதல் சில நாள் அதையும் நம் புல்லையும் மட்டும் வைத்து, பிறகு கடைத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, பத்து நாளில் நம் தீனிக்குக் கொண்டுவர வேண்டும்.

புல் என்றதும் எல்லோரும் கேட்பது, "டவுன்ல புல்லுக்கு எங்கக்கா போறது?" நெட்டில் பார்த்துவிட்டு டிமோத்தி என்ற வெளிநாட்டு உலர்புல்லை பாக்கெட் பாக்கெட்டாக வரவழைக்கிறார்கள். நல்ல புல்தான், குறை சொல்லவில்லை. விலையைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வருகிறது. நம் ஊரில் கொழுக்கட்டைப்புல் இருக்கிறது, ஆடு மேய்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அருகம்புல் இருக்கிறது. பிள்ளையார் கோயில் வாசலில் மாலை கட்டுகிற அம்மாவிடம் மிச்சப் புல்லைச் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். மாடு வைத்திருப்பவர்கள் வளர்க்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையும் முற்றிய தண்டை ஒதுக்கிவிட்டுப் போடலாம். ரோட்டோரத்துப் புல் மட்டும் வேண்டாம். நாய் ஒன்றுக்கிருந்திருக்கும், களைக்கொல்லி அடித்திருப்பார்கள்.

நான் அருகம்புல்லை அலசி, மொட்டைமாடியில் வேட்டியை விரித்து நிழலில் காயப்போடுவேன். வெயிலில் நேராகப் போட்டால் மஞ்சளாகிச் சருகாகிவிடும். நிழலில் காய்ந்தால் பச்சை போகாது, மணம் நிற்கும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த புல் முயலுக்கு விஷம். வைக்கோல் போடலாமா என்று டெல்டாப் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். படுக்கைக்குப் போடலாம், கொறித்தாலும் கெடுதல் இல்லை. அதையே சாப்பாடாக வைத்தால் முயல் மெலிந்துவிடும், சத்து கிடையாது.

உலர்ந்த புல் ராத்திரி பகல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். அது பல்லுக்கும் வேலை. முயலுக்கு 28 பல், அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். கட்டையைக் கடித்தால் தேயும் என்பது முன்பல்லுக்கு ஓரளவு சரி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பற்கள் தேய வேண்டுமானால், நாரை வாயில் வைத்து இடவலமாக அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அரைக்காத முயலுக்குக் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தும், கன்னத்தைக் கிழிக்கும். பசி இருக்கும், தட்டுக்கு வரும், வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். எச்சில் ஒழுகி மோவாய் நனைந்திருக்கும். அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் டாக்டர்தான் பல்லைத் தேய்க்க வேண்டும், மயக்க மருந்து கொடுத்து.

பச்சைத் தழைக்கு வருவோம். காந்தி மார்க்கெட்டில் முள்ளங்கி விற்பவர்கள் தழையைத் திருகி ஓரமாக எறிவார்கள். ஒரு பை கொண்டுபோனால் காசே கேட்காமல் அள்ளித் தருவார்கள். கொத்தமல்லி, புதினா, காரட் தழை, காலிஃபிளவர் இலை கொஞ்சம், துளசி இரண்டு கொத்து, எல்லாம் ஆகும். கிராமத்தில் முயல் வளர்ப்பவர்கள் கல்யாண முருங்கை இலையைப் போடுவார்கள், முயல் அதற்கு உயிரை விடும். அகத்தியும் குதிரை மசாலும் சுண்ணாம்புச் சத்து கூடியவை. வளர்கிற குட்டிக்கு நல்லது, ஆறு மாதம் தாண்டிய முயலுக்கு அளவோடு போதும். அதிகமானால் மூத்திரப்பையில் சுண்ணாம்பு தங்கும். எந்தத் தழையாக இருந்தாலும் அலசி, நீர் வடித்து, புதிதாக ஒன்றைக் கொடுக்கும்போது அதை மட்டும் ஒரு கொத்து வைத்து, மறுநாள் காலை தட்டைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டுவேன். ஒரே நாளில் நாலு புதுத் தழை போட்டு வயிறு கெட்டால், எது கெடுத்தது என்று எந்த ஜோசியராலும் சொல்ல முடியாது.

காரட்? இனிப்பு. குழந்தைகள் புத்தகத்தில் வருகிற படத்தை நம்பித் தினம் ஒரு காரட் கொடுக்கிறார்கள். தோனிக்கு வாரத்தில் ஓரிரு நாள் ஒரு வில்லை உண்டு. வாழைப்பழம், ஆப்பிளும் அப்படியே, ஒரு ஸ்பூன் அளவு. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, ரொட்டி, பிஸ்கட், சாக்லேட், வெண்ணெய்ப்பழம் எதுவும் கூடாது. வீட்டு வாசலில் அரளி, எருக்கு இருந்தால் முயலை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஊறவைத்த கொண்டைக்கடலை பண்ணையில் எடை ஏற்றுவதற்குப் போடுவது. செல்லமாக வளர்க்கிற முயலுக்கு அது வேண்டாம். கடையில் கிடைக்கும் குச்சித் தீவனம் வளர்ந்த முயலுக்கு, ஒரு நாளைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அதிலும் கலர் கலராகப் பொரியும் விதையும் கலந்த பாக்கெட் குழந்தைகளின் கண்ணுக்காகப் போட்டது, முயல் அதில் இனிப்பை மட்டும் பொறுக்கிவிட்டு மிச்சத்தை உதறும்.

தண்ணீர் கனமான மண் சட்டியில். பாட்டிலில் நக்குவதைவிடச் சட்டியில் அதிகம் குடிக்கும்.

இனி, வந்த புதிதில் அதைப் பழக்குவது. இதில் நம் வீடுகளின் பெரிய குறை அன்பு. முயல் வந்த அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூண்டைச் சுற்றி நின்று, கையை விட்டு, தூக்கி, ஆளாளுக்குக் கொஞ்சி, போட்டோ எடுத்து. அதற்கோ இதயம் நிமிடத்துக்கு இருநூறுக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் முதல் நாள் நான் கூண்டைச் சுவர் ஓரமாக வைத்து, மூன்று பக்கம் பழைய போர்வையைப் போட்டு மூடி, உள்ளே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டிக் கொடுத்துவிட்டு, பேரனைத் தள்ளி உட்காரச் சொன்னேன். டிவி சத்தம் குறைவு, மிக்சி வேறு அறையில். "எப்ப ஆயா தொடலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "அது உன்னைத் தொடும்போது" என்றேன். புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னேன். வீட்டுப்பாடமும் முடிந்தது, முயலுக்கும் குரல் பழகியது. முதல் தடவை அது வந்து அவன் கால் கட்டைவிரலை முகர்ந்தபோது அவன் மூச்சுவிடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மோவாயை அவன் முழங்காலில் தேய்த்துவிட்டுப் போனது. மோவாய்க்குக் கீழே வாசனைச் சுரப்பி இருக்கிறது. இது என்னுடையது என்று முத்திரை குத்துகிற வேலை அது.

கை நீட்டுவதிலும் ஒரு விவரம் உண்டு. முயலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலைக்குப் பின்னால் வருவதுகூடத் தெரியும். நேர் மூக்குக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன இடம் தெரியாது. நாம் அங்கேதான் விரலை நீட்டி "பப்பி பப்பி" என்கிறோம். மேலிருந்து கை இறங்கினால் பருந்து. பக்கத்திலிருந்து, அதன் உயரத்திலேயே கையைத் தரையோடு வைத்துக்கொண்டு போக வேண்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்குக் கீழே. காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது. பின்னங்காலைத் தாங்காமல் தூக்கினால் அது உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். அவ்வளவு பலம் காலில், அவ்வளவு மெல்லிய எலும்பு முதுகில். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், அதைச் 'சுகமாத் தூங்குது' என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அது பயத்தில் விறைத்துப்போவது. கழுகு காலில் மாட்டிக்கொண்டதும் செய்வது.

கம்பித் தரைக் கூண்டு என்றால் பாதிக்காவது பலகையோ பாயோ போடுங்கள். முயலுக்கு நாய், பூனை போல உள்ளங்காலில் மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கம்பியிலேயே நின்றால் புண்ணாகிவிடும். வெளியே விடும்போது சார்ஜர் ஒயரை எல்லாம் மேலே எடுத்துவிட வேண்டும். ஒன்றுக்குப் போக ஒரு மூலையை அதுவே தேர்ந்தெடுக்கும். அங்கே பேப்பர் போட்ட தட்டை வைத்து, தட்டின் ஓரத்தில் புல்லையும் வைத்தால், தின்றுகொண்டே போகிற பழக்கம் உள்ள பிராணி ஆதலால், தட்டைவிட்டு வெளியே அதிகம் போகாது. மகள் பயந்த நாற்றம் எங்கள் வீட்டில் இல்லை. மூத்திரம் சில நாள் செங்கல் நிறத்தில் இருக்கும், தழையில் உள்ள நிறமி அது. பதற வேண்டாம், முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் போனால் மட்டும் பதறுங்கள்.

இப்போது புழுக்கைக்கு. நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த முயல் ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு போடும். உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், பழுப்பு நிறத்தில் இருக்கும். விரலால் நசுக்கினால் உள்ளே பொடித்த புல் தெரியும், நாற்றம் இருக்காது. சிறுத்து, கறுத்து, கல்லாக விழுந்தால் நாரோ தண்ணீரோ போதவில்லை. ஒன்றோடொன்று முடியால் கோத்து மணிமாலையாக வந்தால் முடி உதிர்கிற காலம். நக்கி நக்கி முடியை விழுங்கியிருக்கிறது. தினமும் சீவிவிட்டு, புல்லைக் கூட்டுங்கள். பிண்டமாக ஒட்டிக்கொண்டு வந்தால் இனிப்பையும் குச்சித் தீவனத்தையும் நிறுத்துங்கள். பின்பக்கம் ஈரமாகவே இருந்தால் மழைக்காலத்தில் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். குட்டிக்குத் தண்ணீராகப் போனால் அன்றைக்கே டாக்டர்.

ஒன்றுமே போடவில்லை என்றால்? போன வருஷம் ஒரு ராத்திரி நாலாவது வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

"அக்கா, காலையிலேர்ந்து சும்மாவே உக்காந்திருக்கு. கொத்தமல்லியக்கூடத் தொடல."

"புழுக்கை?"

"நேத்துப் போட்டது நாலஞ்சு கிடக்கு. சின்னச் சின்னதா."

போய்ப் பார்த்தேன். உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. தடவிக் கொடுக்கும்போது முயல் மெதுவாகப் பல்லை உரசினால் சுகம். உரக்க நறநறத்தால் வலி. வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தது. விடியட்டும் என்று விட்டுவிடக்கூடாத கட்டம் அது. பன்னிரண்டு மணி நேரம் முயல் சாப்பிடாமல் இருந்தால் குடல் ஓட்டம் நின்றுபோகிறது. நின்றதும் காற்று கட்டி வலி வருகிறது, வலியால் இன்னும் சாப்பிடாது. அவள் வீட்டுக்காரர் போனில் தேடி, முயல் பார்க்கிற டாக்டர் ஒருவரைப் பிடித்து ஆட்டோவில் கொண்டுபோனார்கள். வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் நீர் ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் அவள் மாடியிலிருந்து கத்தினாள்: "அக்கா, போட்டுருச்சு!" தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாக் கால்நடை டாக்டருக்கும் முயல் பழக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. முயல் வாங்குவதற்கு முன்பே யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து நம்பரை எழுதி வையுங்கள். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குவது மட்டும் ஆகாது. மனிதனுக்குச் சர்வசாதாரணமான அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், வயிற்றிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையும் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணிக்கு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயும் முயலுக்கு எமன்.

நம் வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. கடைகளில் விற்கிற முயல்கள் எல்லாம் ஐரோப்பிய முயலின் வம்சம், வளை தோண்டி மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருந்த ஜாதி. நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். வளையே தோண்டாது, புதரடியில் குழிந்த இடத்தில் படுக்கும், குட்டியே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இந்த ஐரோப்பிய வம்சத்துக்கு ஏற்ற குளிர் கொடைக்கானல் மலையில் இருக்கிறது. மத்திய அரசின் ஆடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் கிளை அங்கே மன்னவனூரில் முயல் வளர்க்கிறது. திருச்சியில் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். முயலுக்கு 30 தாண்டினாலே தவிப்பு. வியர்க்காது, காதிலுள்ள ரத்தக்குழாய்கள் வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். மே மாதம் முழுக்க தோனி மாடியில் இல்லை, கீழே சிமெண்டுத் தரையில், ஜன்னலில் ஈரக் கோணி தொங்க. பாட்டிலில் தண்ணீரை ஐஸாக்கித் துணி சுற்றிப் பக்கத்தில் வைப்பேன், அதன்மேல் சாய்ந்துகொண்டு படுக்கும். காதை ஈரத்துணியால் ஒற்றிவிடலாம். குளிப்பாட்டக்கூடாது. நனைந்த பயத்திலேயே செத்தும் போகலாம்.

தோனி பெண் என்பது நாலாவது மாதம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. சின்னக் குட்டியில் ஆண் பெண் பார்ப்பது பழகியவர்களுக்கே தப்பும். ஜோடி போட்டால் பேசிப் பழகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், முயல் தனியாக இருக்கப் பிறந்ததில்லை. ஆனால் கர்ப்பம் 31 நாள், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினையாகும். ஜோடி வேண்டுமென்றால் கருத்தடை செய்துவிட்டுச் சேர்க்க வேண்டும். பெண் முயலுக்கு அதில் இன்னொரு நன்மை, வயதானபின் வருகிற கருப்பைப் புற்றுநோய் வராது. சரியாக வளர்த்தால் எட்டு, பத்து வருஷம் இருக்கிற ஜீவன் இது. பேரன் கல்லூரிக்குப் போகிறபோதும் தோனி இங்கேதான் இருக்கும், மகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பெயரை மாற்றலாமா என்று பேரனிடம் கேட்டதற்கு, "தோனின்னா தோனிதான்" என்று சொல்லிவிட்டான்.

பார்த்து முடித்த புழுக்கையை நான் எறிவதில்லை. கோழி எருவை நேராகப் போட்டால் செடி கருகும், மக்கவைக்க வேண்டும். முயல் புழுக்கைக்கு அந்தச் சூடு கிடையாது, அப்படியே தொட்டியில் தூவலாம். என் கறிவேப்பிலை மாடிச் சுவர் உயரத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் முயல் என்றதும் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போன பக்கத்து வீட்டு அண்ணிதான் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்து நிற்கிறார், அவருடைய ரோஜாவுக்கு.